சிரிக்க வைத்துச் சிறை சென்ற ஓவியர்

ஒரு படம் வரைந்ததற்காக ஓர் இளைஞருக்கு ஆறு மாதம் சிறை! ஐந்நூறு பிராங்க் அபராதம்!

அவர் யாரையும் அடிக்கவில்லை. எதையும் திருடவில்லை. நாட்டை ஆண்ட ராஜாவின் வாயைப் பெரிதாக வரைந்துவிட்டார். அதுதான் குற்றம்.

இது நடந்தது பிரான்சு நாட்டில், 1832ம் ஆண்டில். அந்த இளைஞருக்கு அப்போது வயது 24. பெயர் ஓனோரே தோமியே.

சிறையிலிருந்து வந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைகளுக்குப் படம் போட்டார். கல்லில் வரைந்து அச்சான படங்கள் மட்டும் ஏறத்தாழ 4,000. அவற்றைப் பார்த்துப் பாரிஸ் நகரமே சிரித்தது.

ஆனால், அவர் மனம் வேறு ஒன்றில் இருந்தது. ஒரு பேனா, கொஞ்சம் மை, ஒரு கிண்ணம் தண்ணீர், இரண்டு மூன்று மங்கல் வர்ணங்கள். இவற்றைக் கொண்டு மனிதர்களை எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசைக்கு அவருக்குக் கிடைத்த நேரம் மிகவும் குறைவு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கண்ணாடிக்காரர் மகன்

பிரான்சின் தெற்கே கடற்கரையில் மார்சேல் என்ற துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அங்கே 1808ம் ஆண்டு பிப்ரவரி 26ந் தேதி தோமியே பிறந்தார்.

தகப்பனார் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். படங்களுக்குச் சட்டமும் போடுவார். நல்ல தொழில்தான். ஆனால், அவருக்குக் கவிதைப் பைத்தியம் பிடித்திருந்தது. கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டுக் கவிதை எழுதினார். பெரிய கவிஞர் ஆகவேண்டும் என்று பாரிசுக்குப் புறப்பட்டுப் போனார். 1816ல் மனைவியும் பிள்ளைகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

அவருடைய நாடகம் ஒன்று 1819ல் மேடை ஏறியது. பேரும் வரவில்லை, பணமும் வரவில்லை.

தகப்பனார் கவிதை எழுதிக்கொண்டிருந்தால் வீட்டில் உலை கொதிக்குமா? பிள்ளை வேலைக்குப் போனான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்.

கோர்ட்டு அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலை கிடைத்தது. காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் வீடுகளுக்கும் ஓடவேண்டும். கடன்பட்டவன் முகம் எப்படி இருக்கும், வழக்கில் தோற்றவன் எப்படி நடப்பான், பணம் வாங்கிய வக்கீல் எப்படிக் கை வீசிப் பேசுவார் என்பதையெல்லாம் அந்தச் சிறுவன் பார்த்தான். பார்த்ததை மறக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வக்கீல்கள் எல்லோரும் அவருடைய படங்களில் வரிசையாக வந்து நின்றார்கள்!

அடுத்தபடியாக ஒரு புத்தகக் கடையில் வேலை. அங்கேயும் மனம் ஒட்டவில்லை. கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

தகப்பனாருக்கு லெனுவார் என்று ஒரு நண்பர். பழைய சிலைகளைச் சேர்த்துப் பாதுகாத்த அறிஞர். பையனுக்கு அவர் ஓவியம் கற்றுக்கொடுத்தார். சுண்ணாம்புச் சிலையின் மூக்கையும் காதையும் பார்த்துப் பார்த்து வரையச் சொல்லும் படிப்பு. உயிருள்ள மூக்குகள் தெருவெல்லாம் நடமாடும்போது சுண்ணாம்பு மூக்கு எதற்கு? பையனுக்கு அலுத்துவிட்டது.

கல்லில் ஒரு படம்

அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் படம் அச்சிடப் புதிய வழி ஒன்று வந்திருந்தது. அதற்குக் கல்லச்சு என்று பெயர். அதைத் தெரிந்துகொண்டால்தான் தோமியேயின் கதை விளங்கும்.

வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். கொழுப்பும் கரியும் கலந்து செய்த கறுப்புக் குச்சியால் அதன்மேல் படம் வரைவார்கள். பிறகு, கல்லைத் தண்ணீரால் நனைப்பார்கள். கொழுப்புப் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அதன்மேல் எண்ணெய் மையை உருளையால் உருட்டினால், ஈரமான இடத்தில் மை ஒட்டாது. கோட்டில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும்.

கல்லில் வலது கையாக இருப்பது காகிதத்தில் இடது கையாக மாறி விழும். அதையும் நினைவில் வைத்துக்கொண்டே வரைய வேண்டும்.

வேண்டிய படிகள் அச்சானதும் கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துவிடுவார்கள். அதே கல்லில் அடுத்த வாரம் வேறு படம்!

இந்தத் தொழிலைத் தோமியே இருபது வயதுக்குள் கற்றுக்கொண்டார். சோற்றுக்கு வழி பிறந்தது. கல்லில் நிழல் காட்ட வேண்டுமானால் பக்கம் பக்கமாகக் கோடு இழுக்க வேண்டும். கோடு நெருங்கினால் இருட்டு. விலகினால் வெளிச்சம். ஆயிரம் கல்லில் அப்படி இழுத்து இழுத்துத்தான் அவர் கை பழகியது.

பேரிக்காய் ராஜா

1830ல் பாரிசில் ஒரு புரட்சி நடந்தது. பழைய ராஜா ஓடினார். லூயி பிலிப் என்பவர் புதிய ராஜாவாக வந்தார். பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் உண்டு என்றார்கள்.

அதை நம்பி ஷார்ல் பிலிப்போன் என்பவர் ஒரு கேலிச்சித்திரப் பத்திரிகை தொடங்கினார். துணிச்சலான மனிதர். ராஜாவுக்குக் கன்னம் இரண்டும் தொங்கும். தலை மேலே குறுகி இருக்கும். பார்ப்பதற்குப் பேரிக்காய் போல இருப்பார். அந்த ஊர்ப் பேச்சில் பேரிக்காய் என்றால் மடையன் என்றும் ஓர் அர்த்தம் உண்டு! 1831ல் வழக்கு வந்தபோது, பிலிப்போன் கோர்ட்டிலேயே நாலு படம் போட்டு, ராஜாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேரிக்காய் ஆவதைக் காட்டினார். அவ்வளவுதான். பாரிஸ் சுவர்களில் எல்லாம் பையன்கள் பேரிக்காய் வரையத் தொடங்கிவிட்டார்கள்.

இவரிடம்தான் தோமியே வேலைக்குச் சேர்ந்தார்.

1831 டிசம்பரில் தோமியே ஒரு படம் போட்டார். பழைய கதை ஒன்றில் வரும் பெருந்தீனி அரக்கனைப்போல ராஜா உட்கார்ந்திருக்கிறார். தரையிலிருந்து அவர் வாய்வரை ஒரு நீண்ட பலகை. கீழே கந்தலுடுத்திய ஏழைகள் தங்களிடம் உள்ள காசைக் கூடையில் போடுகிறார்கள். ஆட்கள் கூடை கூடையாகச் சுமந்து, பலகைமேல் ஏறி, ராஜாவின் வாயில் கொட்டுகிறார்கள். தின்று தீர்த்த ராஜாவிடமிருந்து பட்டங்களும் பதவிகளும் கீழே விழுகின்றன. பெரிய மனிதர்கள் அவற்றைப் பொறுக்கிக்கொள்ள முண்டியடிக்கிறார்கள்.

படத்தைப் போலீசார் பறிமுதல் செய்தார்கள். 1832 பிப்ரவரியில் தண்டனை. முதலில் அதை நிறுத்திவைத்தார்கள். பையன் பயந்து அடங்கிவிடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ! அவர் மேலும் படம் போட்டார். ஆகஸ்டு மாதக் கடைசியில் பிடித்துக்கொண்டு போய்ச் செயின்ட் பெலாஜி சிறையில் அடைத்தார்கள்.

சிறையிலும் அவர் கை ஓயவில்லை. மற்றக் கைதிகள் தங்களைப் படம் எழுதித்தரச் சொல்லிச் சூழ்ந்துகொண்டார்கள். வீட்டில் இருந்ததைவிட அங்கேதான் அதிகம் வரைந்தார். பின்னர் ஒரு வைத்தியசாலைக்கு மாற்றி, 1833 பிப்ரவரியில் விடுதலை செய்தார்கள்.

களிமண் தலைகள்

சட்டசபை அங்கத்தினர்களைக் கேலி செய்ய வேண்டும். அவர்களோ எதிரே வந்து உட்கார மாட்டார்கள். தோமியே ஒரு வழி கண்டுபிடித்தார்.

அவர்கள் முகத்தைக் கூர்ந்து பார்த்து வைத்துக்கொள்வார். களிமண்ணை எடுத்துப் பிசைந்து, கையளவு தலையாகச் செய்வார். வளைந்த மூக்கு, பிதுங்கிய உதடு, தூங்குமூஞ்சி, கோபமூஞ்சி எல்லாம் அதில் வந்துவிடும். மேலே வர்ணமும் பூசுவார். அந்தத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கல்லில் வரைவார்.

சுடாத களிமண்ணில் செய்த அந்தப் பொம்மைத் தலைகளில் 36 பிழைத்துக் கிடக்கின்றன. பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

1834ல் அவர் போட்ட ஒரு படத்தில் 35 அங்கத்தினர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தொப்பையைத் தடவுகிறவர், தூங்குகிறவர், மூக்கைச் சிந்துகிறவர், காதோடு காதாகப் பேசுகிறவர் என்று ஒருவர்போல் ஒருவர் இல்லை.

பன்னிரண்டாம் எண் வீடு

இனிச் சொல்லப்போகும் படத்தில் கேலி இல்லை.

1834 ஏப்ரலில் லியோன் நகரத்து நெசவாளிகள் கிளர்ச்சி செய்தார்கள். அது பாரிசுக்கும் பரவியது. தெருக்களில் தடுப்பு எழுப்பினார்கள். பட்டாளம் வந்தது.

திரான்ஸ்னோனேன் தெருவில் பன்னிரண்டாம் எண் வீடு. தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த வீடு. அந்த வீட்டுப் பக்கமிருந்து யாரோ ஓர் அதிகாரியைச் சுட்டதாகச் சொல்லிச் சிப்பாய்கள் விடியும் முன்னே உள்ளே புகுந்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவர்களை அறை அறையாகச் சென்று கொன்றார்கள்.

இதைத் தோமியே படமாக எழுதினார். அதில் சிப்பாய் இல்லை. துப்பாக்கியும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு உள்ள அறை மட்டும் இருக்கிறது.

கலைந்த படுக்கை. கவிழ்ந்த நாற்காலி. நீண்ட இராச்சட்டையும் குல்லாவும் அணிந்த ஒரு மனிதன் கட்டிலோரம் சாய்ந்து கிடக்கிறான். அவன் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை. பிஞ்சுத் தலை மட்டும் வெளியே தெரிகிறது. இடது பக்கம் இருட்டில் ஒரு பெண். வலது பக்கம் ஒரு கிழவரின் தலை. தரையில் இரத்தம்.

படம் ஒரு கடை ஜன்னலில் வைக்கப்பட்டது. கூட்டம் கூடியது. அதைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும்?

போலீசார் அகப்பட்ட படிகளைப் பறித்தார்கள். வரைந்த கல்லையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும், சில படிகள் தப்பிவிட்டன. அந்தத் தெருவுக்கு இப்போது அந்தப் பெயர் இல்லை. போபூர் தெருவோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் படத்தைத் தனியாக வெளியிட்டதே, பத்திரிகைக்கு விழுந்த அபராதங்களைக் கட்டப் பணம் திரட்டத்தான். மாதம் ஒரு படம் என்று சந்தாதாரர்களுக்கு அனுப்பி வந்தார்கள். அதுவே கடைசிப் படம் ஆயிற்று.

1835 செப்டம்பரில் புதிய சட்டம் வந்தது. முன்கூட்டி அனுமதி வாங்காமல் எந்தப் படமும் போடக்கூடாது! ராஜாவையும் மந்திரிகளையும் தொட முடியாது.

வக்கீலும் வாடகைக்காரனும்

ராஜாவைத் தொடக்கூடாது என்றால், ஊரில் வேறு மனிதர்கள் இல்லையா?

பிலிப்போனின் மற்றொரு பத்திரிகை 'ஷாரிவாரி'. அதில் தோமியே வாரந்தோறும் படம் போட்டார். ரொபேர் மகேர் என்ற எத்தனை வைத்து நூறு படங்களுக்குமேல் வரைந்தார். அவன் ஒரு நாள் பாங்கிக்காரனாக வருவான். இன்னொரு நாள் வைத்தியனாக வருவான். மறுநாள் கம்பெனி தொடங்கிப் பங்கு விற்பான். எந்த வேஷத்திலும் அடுத்தவன் பையில்தான் கண். இப்படிப்பட்டவர்களை நாமும் பார்த்ததில்லையா?

படத்துக்கு அடியில் வரும் வேடிக்கை வாசகங்களைப் பெரும்பாலும் வேறு ஆட்கள்தான் எழுதினார்கள். அடி வாசகத்தை விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதும் படம் பேசும். அதுதான் தோமியேயின் கைத்திறன்.

1845 முதல் நீதிமன்ற மனிதர்களைப் பற்றிய படவரிசை வந்தது. சின்ன வயதில் கோர்ட்டில் ஓடிய ஓட்டம் வீண்போகவில்லை. கறுப்பு அங்கி காற்றில் பறக்க, இரண்டு கையையும் மேலே தூக்கி, வக்கீல் முழங்குகிறார். நீதிபதி தூங்குகிறார். தோற்ற விதவை குழந்தையோடு வெளியே போகிறாள். வக்கீல் மூக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்சிக்காரனைத் தேடுகிறார்.

அடுத்த ஆண்டு அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி அலெக்சாந்திரீன், தையல் வேலை செய்து பிழைத்த பெண். செல்லமாகத் தீதீன் என்று கூப்பிடுவார். பாரிசின் நடுவே, ஆற்றின் நடுத்தீவில், ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் செயின் ஆறு. துணி வெளுத்து மூட்டை தூக்கிக்கொண்டு படியேறும் பெண்களைத் தினமும் பார்ப்பார். ஒரு கையில் ஈரத் துணி மூட்டை, மறு கையில் குழந்தை. அந்தப் பெண்களை அவர் பலமுறை எழுதினார். அவர்களைக் கேலி செய்து அல்ல.

1848ல் மறுபடியும் புரட்சி. லூயி பிலிப் போனார், குடியரசு வந்தது. குடியரசை ஒரு பெண்ணாக எழுதும் போட்டியை அரசாங்கம் வைத்தது. தோமியே திடமான ஒரு தாயை எழுதினார். இரண்டு குழந்தைகள் அவளிடம் பால் குடிக்கின்றன. மூன்றாவது குழந்தை காலடியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறது. பொறுக்கி எடுத்த இருபது படங்களில் அதுவும் ஒன்று. பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தால் பெயர் கிடைத்திருக்கும். அவர் எழுதி முடிக்கவே இல்லை. அவரிடம் அந்தக் குறை உண்டு. வாரப் படத்தை ஒரு நாள் தவறாமல் கொடுப்பார். தமக்கென்று தொடங்கிய ஓவியத்தை முடிக்க மாட்டார்.

குடியரசும் நிலைக்கவில்லை. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி ஆனார். மறுபடியும் வாய்ப்பூட்டு.

வேலை போயிற்று

1860ம் ஆண்டு 'ஷாரிவாரி' பத்திரிகை தோமியேயை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. ஒரே கையின் படங்களைப் பார்த்து வாசகர்களுக்குச் சலித்துவிட்டதாம்!

அவருக்கு வயது 52. சொத்து எதுவும் இல்லை. வாரக் கூலிதான் வாழ்க்கை. அதுவும் நின்றது. தீவு வீட்டை விட்டு வெளியேறினார்கள். கடன் சேர்ந்தது.

ஆனால், ஒன்று பாருங்கள். முப்பது ஆண்டுகளாக அவருக்குக் கிடைக்காத நேரம் இப்போதுதான் கிடைத்தது. கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

அவர் மையும் வர்ணமும் சேர்த்து எழுதும் விதம் தனி. யாரையும் எதிரே உட்காரவைத்து வரையும் வழக்கம் அவருக்கு இல்லை. தெருவில் பார்த்தது மனத்தில் இருக்கும். முதலில் கரித்துண்டால் மெல்லத் தடம் போடுவார். அதன்மேல் பேனா ஓடும். ஒரு கைக்கு ஒரு கோடு போதும் என்று மற்றவர்கள் நிறுத்துவார்கள். இவர் மூன்று, நாலு கோடு போடுவார். முதல் கோட்டை அழிக்க மாட்டார். அதனால் கை அசைவதுபோலவே தெரியும்! கோடுகள் சுருண்டு, சிக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கன்னத்துப் பள்ளத்திலும், கண்ணுக்கு அடியிலும், அங்கி மடிப்பிலும் நெருக்கமான கோட்டு நிழல்.

பிறகு மையைத் தண்ணீரில் கரைத்துச் சாம்பல் நிறமாகப் பூசுவார். அது காய்ந்ததும் மண் நிறம் கொஞ்சம். மங்கிய நீலம் கொஞ்சம். ஏதாவது ஓர் இடத்தில், ஒரு கன்னத்திலோ கழுத்துத் துணியிலோ, மெல்லிய சிவப்பு. அவ்வளவுதான் வர்ணம். மிச்சத்தை வெள்ளைக் காகிதமே பார்த்துக்கொள்ளும்.

மேடையில் நிற்கும் கூத்தாடி, மத்தளம் அடித்துக் கூட்டம் கூட்டும் கிழவன், படக்கடையில் குனிந்து படம் தேடுகிறவர், சதுரங்கம் ஆடுகிறவர்கள், எலும்பும் தோலுமான குதிரைமேல் போகும் டான் குவிக்ஸாட்... இவர்கள் எல்லோரும் அந்த ஆண்டுகளில் காகிதத்தில் வந்து சேர்ந்தார்கள். வக்கீல்களும் வந்தார்கள். கல்லச்சில் இருந்த வக்கீல் சிரிப்பு மூட்டினார். மையில் எழுதிய வக்கீலைப் பார்த்தால் சற்றுப் பயமாகவே இருக்கிறது. வாய் திறந்திருக்கிறது, கை நீண்டிருக்கிறது, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் விதி அந்த வாயில் இருக்கிறது.

வாங்குவதற்குச் சிலர் இருந்தார்கள். பலர் இல்லை. கேலிப்படக்காரர் என்று பெயர் விழுந்தவரின் நீர்வர்ணப் படத்தைப் பணம் கொடுத்து வாங்கி மாட்ட யாருக்கு மனம் வரும்?

மூன்றாம் வகுப்புப் பெட்டி

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வால்டர்ஸ் என்ற செல்வந்தர் 1864ல் தோமியேயிடம் நீர்வர்ணப் படங்கள் கேட்டார். ரெயிலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. மூன்று பெட்டிகள், மூன்று விதமான மனிதர்கள்.

முதல் வகுப்பில் இடம் தாராளம். உடை நேர்த்தி. ஆனால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாம் வகுப்பில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பில் கூட்டம். முன்பெஞ்சியில் ஒரு கிழவி. மடியில் கூடை, கூடைமேல் இரண்டு கையையும் கோத்து வைத்திருக்கிறாள். கண் எங்கேயோ பார்க்கிறது. பக்கத்தில் ஓர் இளந்தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். மறுபக்கம் ஒரு சிறுவன் சாய்ந்து தூங்குகிறான். குடும்பத்தில் சம்பாதிக்கும் ஆண்மகன் யாரும் பக்கத்தில் இல்லை. எங்கே போகிறார்கள்? அங்கே இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? படம் சொல்லவில்லை.

பண்டிகைக் காலத்து ரெயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள். எந்த நாட்டுப் பாட்டி என்ற வித்தியாசமே தெரியாது.

இதே காட்சியைத் தோமியே எண்ணெய் வர்ணத்திலும் எழுதினார். அதில் ஒன்று நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறிய படத்தைப் பெரிதாக்குவதற்காகப் போட்ட கட்டக் கோடுகள் கிழவியின் உடம்பின்மேல் இன்னும் தெரிகின்றன. வழக்கம்போல, அதையும் அவர் முடிக்கவில்லை!

1863ம் ஆண்டின் கடைசியில் 'ஷாரிவாரி' அவரை மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டது. பணம் வந்தது. பேனாவுக்கு நேரம் குறைந்தது. மறுபடியும் கல்.

கண் மங்கியது

1865ல் தோமியே பாரிசை விட்டு வால்மொந்துவா என்ற கிராமத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். வாடகை வீடு.

1870ல் சக்கரவர்த்தியின் அரசாங்கம் அவருக்கு ஒரு பெரிய விருது கொடுக்க முன்வந்தது. ஒரு ராஜாவின் ஆட்சியில் ஜெயிலில் இருந்தவர், ஒரு சக்கரவர்த்தியின் கையால் பதக்கம் வாங்குவாரா? வேண்டாம் என்றுவிட்டார். கூர்பே என்ற ஓவியரும் அந்த ஆண்டு அதே விருதை மறுத்தார். அவர் ஊரறிய, பத்திரிகையில் வரும்படி மறுத்தார். தோமியே சத்தம் போடாமல் மறுத்தார். பையில் பணம் இல்லாத நேரம் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நாற்பது ஆண்டு! கல்லின்மேல் குனிந்து, கறுப்புக் குச்சியால், விளக்கு வெளிச்சத்திலும் கோடு இழுத்த கண்கள். அவை மங்கத் தொடங்கின. 1872க்குப் பிறகு கல்லில் அவரால் வரைய முடியவில்லை. படம் இல்லை என்றால் கூலி இல்லை. வீட்டு வாடகை நின்றது.

அப்போது கை கொடுத்தவர் கோரோ. மரங்களையும் ஏரிகளையும் எழுதிப் புகழ் பெற்றவர். தோமியேயைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அந்தச் சின்ன வீடு தோமியேயின் கையை விட்டுப் போகாமல் அவர் பார்த்துக்கொண்டார். 1875ல் கோரோ இறந்துபோனார். ஆனால், தோமியேயும் தீதீனும் வெளியேற வேண்டி வரவில்லை.

1877ல் அரசாங்கம் ஆண்டுக்கு 1,200 பிராங்க் உதவித்தொகை கொடுத்தது. மறு ஆண்டு அதை இரட்டிப்பாக்கியது.

1878ல் நண்பர்கள் சேர்ந்து பாரிசில் அவருடைய ஓவியங்களைக் கண்காட்சி வைத்தார்கள். பெரும் எழுத்தாளர் விக்டர் ஹியூகோ அதற்குக் கௌரவத் தலைவர். தொண்ணூறுக்கு மேற்பட்ட எண்ணெய் வர்ண ஓவியங்கள். அவற்றைவிட அதிகமாக மையிலும் நீர்வர்ணத்திலும் எழுதியவை. கேலிப்படக்காரர் என்று மட்டும் அறிந்த பாரிஸ், அவர் எழுதிவைத்திருந்ததை அப்போதுதான் முதல் முறையாக ஒரே இடத்தில் பார்த்தது. அவருக்கு வயது எழுபது. கண் ஏறக்குறைய போய்விட்டது.

வந்து பார்த்த ஓவியர்களும் எழுத்தாளர்களும் புகழ்ந்தார்கள். பொதுமக்கள் அதிகம் வரவில்லை. வரவைவிடச் செலவு மிஞ்சியது.

ஓவியர்களுக்கு அவர் அருமை முன்பே தெரியும். தெலக்ருவா என்ற பெரிய ஓவியர் தோமியேயின் உருவங்களைப் பார்த்து வரைந்து பழகினார். தெகா என்ற ஓவியர் அவருடைய கல்லச்சுப் படங்களை ஆயிரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். வான்கோவும் தம்முடைய கடிதங்களில் தோமியேயைப் பற்றி அடிக்கடி எழுதினார். கவிஞர் பொதலேர் 1857லேயே அவரைப் புகழ்ந்து கட்டுரை வெளியிட்டார். இவர்கள் வாழ்த்திய வாழ்த்தில் வீட்டு வாடகை கட்ட முடியுமா?

1879ம் ஆண்டு பிப்ரவரியில், வால்மொந்துவா வீட்டில், தோமியே காலமானார். இன்னும் சில நாளில் 71 வயது நிறைந்திருக்கும். அடக்கச் செலவை அரசாங்கம் ஏற்றது.

கிராமத்து இடுகாட்டில் புதைத்த உடலை மறு ஆண்டு பாரிசுக்குக் கொண்டுவந்தார்கள். பேர் லாஷேஸ் இடுகாட்டில், நண்பர் கோரோவின் கல்லறைக்கு அருகே, அவருக்கு இடம் கொடுத்தார்கள்.